குறையும் வேகமும் குறையாத சிறப்பும்

மனிதச் செயலின் நிறைவு எப்போதும் ஏறுமுகமாகவே இருக்க வேண்டுமா என்பது சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் கேள்விகளுள் ஒன்று. பயிற்சி கூடக்கூடத் திறன் கூடும், திறன் கூடக்கூட விளைவும் கூடும் என்னும் நம்பிக்கை கல்வி, கைத்தொழில், கலை, ஆன்மிகச் சாதனை ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. நவீன விளையாட்டோ அதைத் தன் வெளிப்படையான கொள்கையாகவே ஆக்கிக்கொண்டது. பிரெஞ்சுத் துறவி ஆன்றி திதோனிடமிருந்து பியர் தெ கூபெர்த்தேன் எடுத்துக்கொண்டு 1894இல் ஒலிம்பிக் இயக்கத்துக்கு வழங்கிய இலத்தீன் முழக்கம், வேகமும் உயரமும் வலிமையும் முன்னிருந்ததைவிட மிகுவதையே இலக்காகக் கூறுகிறது. ஆனால் பயிற்சி ஆழப்படும் அதே ஆண்டுகளில் உடல் தளர்ந்துகொண்டே போகும் ஒருவருக்கு அம்முழக்கம் என்ன பொருள் தர இயலும்? அவர் அடைவது சிறப்பின் தேய்வா, அல்லது சிறப்பு என்று இதுவரை கருதப்பட்டதே வேறொன்றின் அடையாளம் மட்டும்தானா? சிங்கப்பூரின் நீச்சல் வீராங்கனை யிப் பின் சியூவின் போட்டி வாழ்க்கை இக்கேள்வியை மிகக் கூர்மையாக முன்வைக்கிறது. அவருடைய சொந்தச் சமய நம்பிக்கை இங்கு ஆராயப்படும் பொருளன்று. அவர் நீந்திய நேரங்கள் சமயச் சிந்தனைக்கு விடுக்கும் கேள்வியே இங்கு பொருள்.

1992இல் பிறந்த யிப், சார்கோ–மரி–டூத் நோய் எனப்படும் பரம்பரை நரம்பு நோயுடன் வாழ்பவர். 1886இல் இதனை விவரித்த பிரெஞ்சு மருத்துவர்கள் ழான் மார்த்தேன் சார்கோ, பியர் மரி, ஆங்கில மருத்துவர் ஹோவர்டு ஹென்றி டூத் ஆகிய மூவரின் பெயரால் வழங்கும் இந்நோய், தண்டுவடத்திலிருந்து கைகால்களுக்குச் செல்லும் புற நரம்புகளைத் தாக்குகிறது. நரம்பிழையையோ அதைச் சுற்றியுள்ள மயலின் என்னும் கொழுப்புறையையோ அது சிதைப்பதால், மூளையின் ஏவல் தசையைச் சென்றடையாமல், ஏவல் பெறாத தசை மெலிந்துபோகிறது. பெரும்பாலும் பாதங்களில் தொடங்கிப் பிறகு கைகளுக்குப் பரவும் இத்தளர்ச்சி ஆண்டுக்கு ஆண்டு மெல்ல முன்னேறுவது. இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஐந்து வயதில் நீச்சல் பழகத் தொடங்கிய யிப், வளரும் பருவத்திலேயே நடக்கும் ஆற்றலை இழந்து சக்கர நாற்காலிக்கு மாறினார். 2008இல் பெய்ஜிங் பாராலிம்பிக்கில், மல்லாந்து நீந்தும் முறையான பேக்ஸ்ட்ரோக்கில் 50 மீட்டரை 58.75 விநாடிகளில் கடந்து, சிங்கப்பூரின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். 2012இல் இலண்டனில் பதக்கம் கிட்டவில்லை. 2016இல் ரியோவில் அதே தூரத்தை 1 நிமிடம் 00.33 விநாடியிலும், 2021இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியில் 1 நிமிடம் 02.04 விநாடியிலும், 2024இல் பாரிஸில் 1 நிமிடம் 05.99 விநாடியிலும் கடந்தார், மூன்றிலும் தங்கமே. 100 மீட்டரிலும் இதே போக்குதான்: ரியோவில் 2 நிமிடம் 07.09 விநாடி, டோக்கியோவில் 2 நிமிடம் 16.61 விநாடி, பாரிஸில் 2 நிமிடம் 21.73 விநாடி, அங்கும் மூன்று தங்கங்கள்.

இந்த எண்களை மேலிருந்து கீழாகப் படிப்பவருக்கு ஒரு வீராங்கனையின் வீழ்ச்சியே தெரியும்; பதக்கங்களைப் படிப்பவருக்கு அவருடைய ஆட்சி தெரியும். பதினாறு ஆண்டுகளில் 50 மீட்டருக்கு 7.24 விநாடி கூடியிருக்கிறது, தங்கங்களோ ஏழாகியிருக்கின்றன. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. நேரம் மெய் என்றால் பதக்கம் இரக்கத்தின் கொடையாகிவிடும். பதக்கம் மெய் என்றால் கடிகாரம் எதை அளக்கிறது என்பதே ஐயத்துக்குரியதாகிவிடும். இந்த இக்கட்டிலிருந்து வெளியேற, போட்டி என்பது எதை எதனோடு ஒப்பிடுகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு எதிர்பாராத ஒரு துணை விவிலியத்தில் கிடைக்கிறது.

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் எருசலேம் நகரின் பெதஸ்தா குளத்தைப் பற்றிப் பேசுகிறது. அக்குளத்தின் நீர் கலங்கும் வேளையில் முதலில் இறங்குபவரே நலம் பெறுவார் என்பது அங்குக் கூடியிருந்த நோயாளிகளின் நம்பிக்கை. முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவர் இயேசுவிடம் சொல்லும் முறையீடு, தம்மைத் தூக்கி இறக்க ஆளில்லை என்பதும், தாம் நகர்ந்து செல்வதற்குள் வேறொருவர் முந்திக்கொள்கிறார் என்பதும்தான். உரைகாரர்கள் இதனை நம்பிக்கையின் சோதனையாகவோ அருளின் மேன்மையாகவோ விளக்குவதே வழக்கம். ஆயினும் இது ஒரு பந்தயத்தின் விவரிப்பு என்பது கவனத்துக்கு உரியது. முதலில் வருபவருக்கே பரிசு என்னும் விதி எல்லோருக்கும் பொதுவானதாகத் தோன்றினாலும், அவ்விதியின்படி யாருக்கு நலம் மிகவும் தேவையோ அவரே எப்போதும் தோற்பார், யாருக்குத் தேவை குறைவோ அவரே எப்போதும் வெல்வார். எல்லோருக்கும் ஒரே விதி என்பது எல்லோருக்கும் ஒரே நீதி ஆகாது என்பதை இத்தனை சுருக்கமாகக் காட்டும் கதை வேறு இருப்பது அரிது.

பெதஸ்தாவின் அநீதிக்கு மனிதர் கண்ட விடைதான் பாராலிம்பிக் நீச்சலின் வகைப்பாட்டு முறை. உடல் இயக்கக் குறைபாடு உள்ளோர் எஸ்1 முதல் எஸ்10 வரையிலான பிரிவுகளில் நீந்துகின்றனர். எண் குறையக்குறைய இயக்கத் தடை கூடுகிறது. வகைப்படுத்துநர் எனப்படும் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள், தசைகளின் வலுவையும் மூட்டுகளின் இயக்கத்தையும் மேசைமீது சோதித்துப் புள்ளியிட்டு, பிறகு நீரிலும் நீந்தச் செய்து பார்த்து, எந்தப் பிரிவு என்று முடிவு செய்கின்றனர். பெய்ஜிங்கில் எஸ்3 பிரிவில் நீந்திய யிப், ரியோ முதல் எஸ்2 பிரிவில் நீந்தினார். உடல் முழுவதையும் பிறர் தொட்டுச் சோதித்து எண்ணாக்கும் இந்நடைமுறை சில வேளைகளில் அவமதிப்பாக உணரப்படுவதும், எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு அநீதி நேர்வதும் மறுக்க முடியாதவை. இருந்தும் அதன் நோக்கம் உயர்ந்தது: யாருடைய நோய் மிகுதி என்பது போட்டியின் முடிவைத் தீர்மானிக்காதபடி செய்து, யாருடைய நீச்சல் சிறந்தது என்பதே அதைத் தீர்மானிக்குமாறு செய்வது.

இங்கு இருவகைத் தடைகளைப் பிரித்தறிய வேண்டும். 1978இல் வெளிவந்த 'வெட்டுக்கிளி' என்னும் நூலில் மெய்யியலாளர் பெர்னார்டு சூட்ஸ், விளையாட்டு என்பது தேவையற்ற தடைகளைத் தாமே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வது என்று வரையறுத்தார். நீச்சல் குளத்தின் மறுமுனையை அடைவதுதான் நோக்கம் என்றால் கரையோரமாக நடந்து செல்வதே எளிது. அவ்வழியை விலக்கி நீரின் எதிர்ப்பைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அது நீச்சல் போட்டியாகிறது. யிப்புக்கும் இது அப்படியே பொருந்தும், அவரும் சக்கர நாற்காலியில் கரையோரமாக மறுமுனைக்குச் சென்றுவிட முடியும். நரம்பு நோய் அவர் கேளாமல் வந்த தடை. 50 மீட்டர் நீர் அவர் கேட்டு வாங்கிய தடை. தடைகளே வாழ்க்கையாகிவிட்டவர் என்று பிறர் இரங்கும் ஒருவர், தம் விருப்பத்தால் இன்னொரு தடையையும் ஏற்பது ஏன் என்னும் கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது: கேளாமல் வந்ததைச் சுமப்பது பொறுமை, கேட்டு வாங்கியதைக் கடப்பது சுதந்திரம். நோயை வெல்வதற்காக அவர் நீந்துகிறார் என்று எழுதுவோர் இந்தச் சுதந்திரத்தையே அவரிடமிருந்து பறித்துவிடுகின்றனர், ஏனெனில் அவர்கள் கணக்கில் அவர் செய்வது அனைத்தும் நோய்க்கான எதிர்வினையாக மட்டும் ஆகிவிடுகிறது. அவர் வென்றது உடன் நீந்திய வீராங்கனைகளை. நோய் அந்தத் தடங்களில் போட்டியாளராக இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வோர் உடலையும் அதற்கேற்ற அளவுகோலால் அளந்தால் எல்லோரும் சிறந்தவர்களாகிவிடுவர், அளவுகோல் என்பதற்கே பொருள் போய்விடும். மேலும் எஸ்2 போன்ற பிரிவுகளில் போட்டியிடுவோர் சிலரே என்பதால் அங்குப் பெறும் முதலிடத்துக்கு மதிப்பும் குறைவு என்பது அம்மறுப்பு. அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் இரண்டாம் நூலில் இதற்கு ஏற்ற கருவியைத் தருகிறார். நடுநிலை என்பது பொருளுக்குரிய நடுநிலை, நமக்குரிய நடுநிலை என இருவகைப்படும் என்று கூறும் அவர், எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுவது விளையாட்டுப் பயிற்சியாளரைத்தான். பத்து எடை உணவு மிகுதி, இரண்டு எடை குறைவு என்றால், பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு எடை என்று விதித்துவிடுவதில்லை. குரோத்தோன் நகரத்து மல்லர் மைலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயிலத் தொடங்கியவருக்கு அது மிகுதி. எனினும் மைலோவுக்கு எவ்வளவு சரி என்பது அவரவர் விருப்பப்படி மாறும் கருத்தன்று. அது தேர்ந்தவர் கண்டறியக்கூடிய, தவறவும் கூடிய உண்மை. ஆளுக்கேற்ப அமைவது வேறு, ஆளின் மனம்போல் அமைவது வேறு. யிப்பின் உடலுக்கு உரிய மிகச் சிறந்த நீச்சல் எது என்பதும் அத்தகைய புறநிலை உண்மையே: கால் உதை இல்லாதபோது இடுப்பு தாழ்ந்து நீரின் எதிர்ப்பு கூடும், எனவே உடலைக் கிடைமட்டமாக வைத்திருக்கும் பொறுப்பு தலையின் நிலைக்கும் தோளின் சுழற்சிக்கும் வந்து சேர்கிறது, கைத்தசை மெலியும்போது நீரைத் தள்ளும் பரப்பு குறைகிறது, எனவே கை நீரில் நுழையும் கோணம் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டடையப்பட வேண்டியதாகிறது. சென்ற ஆண்டு சரியாக இருந்த நுட்பம் இவ்வாண்டு பொருந்தாமல் போகும் நிலையில் பதினாறு ஆண்டுகள் தங்கம் வெல்வதற்கு, மாறாத உடல் கொண்டவருக்குத் தேவைப்படாத ஓர் அறிவு தேவைப்படுகிறது. போட்டியாளர்கள் சிலரே என்பதும் இந்த அறிவின் அருமையைக் குறைப்பதில்லை. உடல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுள் குளம் வரை வந்து சேர முடிந்தவர்களே சிலர் என்பதைத்தான் அந்தச் சிறிய எண்ணிக்கை முதலில் காட்டுகிறது.

சமய மரபுகள் உடற்குறையை எதிர்கொண்ட வழிகளுள் மிகவும் போற்றப்பட்டது, உடல் வேறு, ஆன்மா வேறு என்று பிரித்துக் காட்டுவது. அடிமையாகப் பிறந்து, காலில் ஊனத்துடன் வாழ்ந்த ஸ்டோயிக் மெய்யியலாளர் எபிக்டெடஸ், நொண்டித்தன்மை காலுக்குத் தடையே அன்றி மனத்தின் தேர்வுக்குத் தடையன்று என்று கற்பித்தார். உடலில் எட்டு இடங்களில் கோணல் கொண்ட முனிவர் அஷ்டாவக்கிரரின் பெயரில் வழங்கும் அத்வைத நூலும், உடலோடு தன்னை ஒன்றாக எண்ணுவதே கட்டு, தூய அறிவாகத் தன்னை உணர்வதே வீடு என்று போதிக்கிறது. இவ்விரு போதனைகளும் எத்தனையோ பேருக்கு நிமிர்ந்து நிற்கும் வலிமையைத் தந்தவை. ஆயினும் நீச்சல் வீராங்கனையின் முன் இவை தடுமாறுகின்றன. ஏனெனில் உடல் தனக்குப் புறம்பானது என்று விலக்கி நிற்பவர் நீந்த முடியாது. தோளில் எவ்வளவு வலு எஞ்சியிருக்கிறது, எந்த விரல் இன்று ஒத்துழைக்கவில்லை என்பவற்றை வேறு யாரையும்விட நெருக்கமாக அறிந்து, எஞ்சிய வலுவின் ஒவ்வோர் அணுவையும் தானாகவே ஆக்கிக்கொள்பவரே அங்கு முன்னேறுகிறார்.

அஷ்டாவக்கிரர் கதையிலேயே இதைவிடக் குறிப்பான ஒரு செய்தி உண்டு. மகாபாரதத்தின் வனபர்வத்தில், மன்னர் சனகரின் அவையில் வாதில் வென்று தந்தையை மீட்ட அஷ்டாவக்கிரர், தந்தையின் சொற்படி சமங்கை ஆற்றில் இறங்கி எழுகிறார். அவருடைய கோணல்கள் அனைத்தும் நிமிர்ந்துவிடுகின்றன. பெதஸ்தாவைப் போலவே இங்கும் நீர் குணப்படுத்தும் நீராக இருக்கிறது. உலகின் பல சமயங்கள் தீர்த்தம், ஊற்று, புனித ஆறு என நீரைப் போற்றியதில், கோணலை நிமிர்த்தினால்தான் கதை முடியும் என்னும் எதிர்பார்ப்பும் கலந்தே வந்திருக்கிறது. உடலைக் கடந்து நிற்கும் ஞானத்தைப் புகழ்ந்த மரபே அந்த ஞானியின் உடலைத் திருத்தாமல் கதையை முடிக்க மனம் கொள்ளவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. போட்டிக் குளத்தின் நீரோ எதையும் திருத்துவதில்லை. நிலத்தில் தாங்க முடியாத எடையை அது தாங்குகிறது. அதே வேளையில் ஒவ்வோர் அசைவையும் எதிர்க்கிறது. குளத்தில் இறங்கிய அதே உடல்தான் குளத்திலிருந்து வெளியே வருகிறது. குணமாதல் இன்றியும் நிறைவு கூடும் என்பதை ஏற்பதற்குச் சமயக் கற்பனை இன்னும் போதிய அளவு பழகவில்லை.

இவ்வகையில் பௌத்த மரபு ஒரு படி அருகே வருகிறது. முதுமை, நோய், சாவு ஆகியவற்றுக்குத் தான் உட்பட்டவன் என்பதை ஒவ்வொருவரும் இடைவிடாது நினைவில் கொள்ள வேண்டும் என்று அங்குத்தர நிகாயத்தின் சூத்திரம் ஒன்று கூறுகிறது. உடலை உடலாகவே, அது எந்நிலையில் இருக்கிறதோ அந்நிலையில் கூர்ந்து கவனிப்பதைச் சதிபட்டானம் என்னும் விழிப்புநிலைப் பயிற்சி முதற்படியாக வைக்கிறது. இங்கு நிலையாமை என்பது செயலைக் கைவிடுவதற்கான காரணமாக இல்லாமல், கவனத்தின் களமாகிறது. நேற்றைய உடலைப் பற்றிய நினைவோடு இன்றைய உடலை ஒப்பிட்டு வருந்துபவர், இன்றைய உடலால் இயல்வதைக் காணத் தவறுகிறார் என்பது அப்பயிற்சியின் நடைமுறைப் பொருள். எந்த நீச்சல் வீரரின் நேரமும் ஒரு வயதுக்குப் பிறகு கூடத்தான் செய்யும். மற்றவர்கள் அந்தத் திருப்பம் வந்ததும் போட்டியை விட்டு விலகிவிடுவதால், சரிவின்போதும் சிறப்பு இயலுமா என்னும் கேள்வி அவர்களிடத்தில் எழாமலே மறைந்துவிடுகிறது. யிப்போ அந்தச் சரிவுக்குள்ளேயே தம் ஏழு தங்கங்களில் ஆறையும் வென்றவர்.

இந்நோய் இவருக்கு ஏன் வந்தது என்னும் கேள்வியும் சமயம் சார்ந்ததே, ஆனால் அதற்கு நீண்ட விடை தேவையில்லை. பிறவிப் பார்வையிழப்பு உடையவரைக் கண்டு, பாவம் செய்தவர் இவரா இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். மோலிய சீவகன் என்னும் துறவி, நுகரப்படும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையின் பயனே என்னும் கொள்கையைப் பற்றிக் கேட்டபோது, உடற்கூற்று மாற்றங்களும் பருவ மாற்றங்களும் பிறவும் காரணமாவதைச் சுட்டிப் புத்தர் அக்கொள்கையைத் தவறென்றார். பிறவியாலோ நோயாலோ பார்வை இழந்தவரை எவரும் பழிப்பதில்லை என்று அரிஸ்டாட்டில் எழுதினார். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரமும் தன் வசத்தில் இல்லாத குறையைப் பழியாகக் கொள்ளாமல், முயலாமையையே பழி என்கிறது. மரபுகள் இவ்வளவு தெளிவாகப் பேசியிருந்தும் மாற்றுத்திறனாளிகளின் குடும்பங்களிடம் முன்வினைக் கணக்குக் கேட்கும் வழக்கம் நிற்கவில்லை என்றால், அது நூல்களின் குறையன்று, அவற்றைப் படித்தவர்களின் குறை. அதே வேளையில், முயலாமையே பழி என்னும் அறத்தை மாற்றுத்திறனாளிகள்மீது மட்டும் கடுமையாகச் சுமத்துவதும் முறையன்று. சாய்தளம் இல்லாத கட்டடத்தின் முன் நிற்பவரிடம் முயற்சியைப் பற்றி உபதேசிப்பதற்கு முன், அக்கட்டடத்தைக் கட்டியவர்களின் முயலாமையைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆஸ்திரேலிய எழுத்தாளரும் மாற்றுத்திறனாளி உரிமைப் போராளியுமான ஸ்டெல்லா யங், தம்மைப் போன்றவர்களைப் பிறருக்கு ஊக்கம் ஊட்டும் காட்சிப் பொருளாக்கும் வழக்கத்தை 2014இல் ஆற்றிய உரையில் கடுமையாகச் சாடினார். உடற்குறை இல்லாதவர் தம் சோம்பலை நீக்கிக்கொள்ளும் மருந்தாக இன்னொருவரின் வாழ்க்கையைப் பயன்படுத்துவது, அவரை ஆளாக மதிக்காமல் கருவியாக நடத்துவது என்பது அவருடைய வாதத்தின் உட்கிடை. மெய்யியல் கட்டுரைகளும் இக்குற்றச்சாட்டுக்கு விலக்கல்ல. யிப்பை நிலையாமையின் உருவகமாகவோ மனவுறுதியின் சின்னமாகவோ மாற்றும் கணத்தில், 2018 முதல் 2020 வரை சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்த, ஒவ்வொரு பயிற்சியையும் தம் தேர்வாக மேற்கொண்ட ஒரு மனிதர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார். அவருடைய நேரங்கள் சிறப்பைப் பற்றிய ஒரு தவறான கருத்தைத் திருத்துகின்றன என்று சொல்லலாம்; அவர் நீந்துவதே அதற்காகத்தான் என்று சொல்லக் கூடாது.

அந்தத் தவறான கருத்து ஏடுகளில் மட்டும் இருக்கவில்லை, பரிசுப் பட்டியலிலும் இருந்தது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் தங்கம் வென்ற ஜோசஃப் ஸ்கூலிங்குக்குச் சிங்கப்பூரில் 10 லட்சம் வெள்ளி பரிசாகக் கிடைத்தது. சில வாரங்களுக்குப் பின் அதே நகரில், அதே விளையாட்டில், அதே நாட்டுக்காக வென்ற யிப்புக்கு ஒரு தங்கத்துக்கு 2 லட்சம் வெள்ளி என இரண்டு தங்கங்களுக்கு 4 லட்சம் வெள்ளி கிடைத்தது. பொதுமக்களின் கேள்விகளுக்குப் பின்னர் பாராலிம்பிக் தொகை உயர்த்தப்பட்டபோதிலும் அப்போது அது ஒலிம்பிக் தொகைக்கு இணையாக்கப்படவில்லை. போட்டியாளர் எண்ணிக்கை, விளம்பரதாரர் ஆர்வம் முதலிய நிர்வாகக் காரணங்கள் இந்த இடைவெளிக்குக் கூறப்படலாம், ஆனால் அறத்தின் பார்வையில் அவற்றுள் ஒன்றும் நிற்பதில்லை; தன் உடலால் இயன்ற எல்லையை எட்டிய இரு நீச்சல்களுள் ஒன்றை ஐந்திலொரு பங்காக மதிப்பிடுவது, சிறப்பை விட்டுவிட்டு வேகத்துக்கு மட்டும் விலை வைப்பதாகும். பாராலிம்பிக் தங்கத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கும் ஒரே தொகை வழங்கப்பட வேண்டும்.